ஒரு மில்லிமீட்டர் வீக்கம்

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மயக்க மருத்துவரை மேடையேற்றிப் பேசச் சொல்வது அபூர்வம். அறுவை செய்தவரின் பெயரை ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்கு நினைவில் வைத்திருக்கும். மயக்கம் கொடுத்தது யார் என்று மறுநாள் கேட்டால் யாருக்கும் தெரியாது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு சிறு பகுதியைப் பெற்றோர் தெரிந்துவைத்திருந்தால் பிள்ளைக்கு நல்லது. மயக்கத்துக்காகக் குழந்தையின் தொண்டை வழியே மூச்சுக்குழாயில் வைக்கும் டியூபும், அதை எடுத்த பிறகு வரும் தொல்லையும்தான் அது. இன்று அதை மட்டும் பேசுகிறேன்.

இந்த ஊரில் நின்று இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ இதழில் ஒரு கடிதம் வந்தது. 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியரைப் பற்றியது. அவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டார், மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன, அந்த நிலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகில் இருந்த பம்பாய்ப் படையிடம் வந்து சேர்ந்தார் என்கிறது கடிதம். கடிதம் வந்தது ஆங்கிலேயர் பக்கத்திலிருந்து. போரில் எதிரே நின்றவனைப் பற்றி எழுதியதை அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் மருத்துவ உலகத்தை உலுக்கியது அதற்கு அடுத்த பகுதி. ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த கவாஸ்ஜிக்குப் புனேவுக்கு அருகில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்துவிட்டார். மெழுகுத் தகட்டை மூக்கிருந்த இடத்தில் பொருத்தி அளவெடுத்து, அதையே நெற்றியில் விரித்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்துக் கீழே திருப்பி ஒட்டினார். இரு கண்களுக்கு நடுவே ஒரு துண்டுத் தோலை வெட்டாமல் விட்டார். ரத்த ஓட்டம் அந்த வழியாகத்தான். இருபத்தைந்தாம் நாள் வாக்கில்தான் அதையும் அறுத்தார். தாமஸ் க்ரூசோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த அறுவையைப் பார்த்ததாகவும் கடிதம் சொல்கிறது.

லண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ இந்த முறையைப் பிணங்களில் பழகிப் பார்த்து, 1814இல் ஒரு படை அதிகாரிக்குச் செய்தார், 1816இல் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பாவில் நவீன ஒட்டறுவை அங்கிருந்து கிளம்பியது. செய்து காட்டிய அந்த மனிதரின் பெயரை மட்டும் கடிதத்தில் யாரும் எழுதவில்லை.

கவாஸ்ஜிக்கு மயக்க மருந்து கிடையாது. ஈதர் 1846இல் வந்தது, குளோரோஃபார்ம் அடுத்த ஆண்டு. வலியில் அவர் என்ன பாடு பட்டாரோ, ஆனால் விழித்திருந்ததால் மூச்சு அவர் வசத்தில் இருந்தது. ரத்தம் தொண்டைக்குள் இறங்கினால் இருமித் துப்பியிருப்பார். மயக்க மருந்து வலியை எடுத்துக்கொண்டது, கூடவே அந்தக் காவலையும் எடுத்துக்கொண்டது. முகத்திலும் வாயிலும் அறுவை செய்தால் மயக்கம் கொடுக்கும் முகமூடியை எங்கே வைப்பது? மயக்கம் கொடுப்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டியதாயிற்று.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு ஹரால்ட் கில்லிஸ் இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் வரிசையாக முகச் சீரமைப்பு செய்தபோது இந்தப் போட்டி உச்சத்துக்குப் போனது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைக்கும் நம்மூர் முறையும் அவர் கையில் இருந்தது. அங்கே மயக்கம் கொடுத்த ஐவன் மேகிலும் ஸ்டான்லி ரோபாத்தமும் ரப்பர்க் குழாயை நேராக மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி, முகத்தை முழுசாக அறுவை மருத்துவரிடம் ஒப்படைத்தார்கள். 1878லேயே கிளாஸ்கோவில் மெக்யூவன் என்பவர் மயக்கத்துக்காக வாய்வழி டியூப் வைத்திருக்கிறார் என்றாலும் அதை அன்றாட வேலையாக்கியது சிட்கப்தான். அப்புறம் குழந்தைகள் பக்கம் திரும்பினார்கள். உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த சிசுக்களுக்காக நியூகாசிலில் ஃபிலிப் அயர் 1937இல் வால்வே இல்லாத ஒரு எளிய இணைப்புக் குழாயை உருவாக்கினார். லிவர்பூலில் ஜாக்சன் ரீஸ் 1950இல் அதன் நுனியில் ஒரு பையை மாட்டினார். இன்றைக்கும் நம் ஊர்த் தியேட்டர்களில் ‘ஜேஆர் சர்க்யூட்’ என்று சொல்லிக் கைநீட்டுகிறோமே, அதுதான். வெட்டுண்ட ஒரு மூக்கில் தொடங்கிய கதை பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழாய்வரை வந்துவிட்டது.

இனி அந்தக் குழாய்.

குரல்வளையில் குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கிறது. கிரிகாய்டு என்கிறோம். மூச்சுக்குழாயின் குருத்தெலும்புகள் பின்பக்கம் திறந்த அரைவட்டங்கள். இது ஒன்றுதான் முழு வட்டம். வளையல் போட்ட கை வீங்கினால் வெளியே பிதுங்க இடமிருக்கிறது. இங்கே வீங்குவது வளையத்துக்கு உள்பக்கத்துச் சவ்வு, அது உள்ளே மட்டும்தான் வர முடியும், காற்று போகும் வழியை அடைத்துக்கொண்டு. சிசுவுக்கு அந்த வழியின் விட்டம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2 மில்லிமீட்டர். பரப்பு கால்பங்காகிவிடும். மூச்சை இழுக்கத் தேவைப்படும் முயற்சியோ விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது, ஆக 16 மடங்கு கூடிவிடும். குழந்தை அலறி அழுதால் காற்று சுழன்று பாயும், கணக்கு ஐந்தாம் படிக்குப் போய் 32 மடங்கு. அதே வீக்கம் எனக்கு வந்தால்? 8 மில்லிமீட்டர் 6 ஆகும், முயற்சி மூன்று மடங்கு கூடும், நான் தொண்டை கரகரக்கிறது என்று சொல்லி ஒரு காபி குடித்துவிட்டு இதே மேடையில் பேசுவேன்.

இன்றைய பேச்சில் எதை மறந்தாலும் இந்த 16ஐ மறக்காதீர்கள்.

வீக்கம் எப்படி வருகிறது? டியூப் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால் வளையத்துச் சவ்வை நெருக்கும், அங்கே ரத்தம் ஓடாது. டியூபை எடுத்ததும் ரத்தம் திரும்பப் பாயும், சவ்வு வீங்கும். பலமுறை முயன்று போட்டது, டியூப் இருக்கும்போதே குழந்தை இருமித் திமிறியது, நடுவில் தலையைத் திருப்பியது, அறுவை ஒரு மணி நேரத்தைத் தாண்டியது, கழுத்துப் பகுதியில் செய்தது, இவையும் சேரும். உதடு, அண்ண அறுவையில் இவற்றில் பல ஒன்றாகக் கூடுகின்றன. தோளுக்கு அடியில் துணிச்சுருள் வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கிறோம், டியூப் மேலே இழுபடுகிறது. தலையை முன்னால் மடித்தால் கீழே இறங்குகிறது. பிறந்த குழந்தைக்கு மூச்சுக்குழாயின் மொத்த நீளமே 4 சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் அரை சென்டிமீட்டர் நகர்வும் பெரிய நகர்வு. வாயைத் திறந்து பிடிக்கும் கருவி நாக்கை நெடுநேரம் அமுக்கினால் நாக்கும் தனியாக வீங்கிக்கொள்ளும்.

அளவுக்கு ஒரு சூத்திரம் எல்லாருக்கும் பாடம்: வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு 5 மில்லிமீட்டர் டியூப். நுனியில் காற்றடைக்கும் பலூன், அதாவது கஃப் இருந்தால் அரை மில்லிமீட்டர் குறைத்துக்கொள்வோம். சூத்திரம் தொடங்குவதற்குத்தான், முடிவு செய்வது காது. டியூபைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியும் சத்தம் கேட்க வேண்டும்.

கஃப் விஷயத்தில் எங்கள் துறை அரை நூற்றாண்டு ஒரே பாட்டைப் பாடியது. எட்டு வயதுக்குக் கீழே கஃப் வைத்த டியூப் கூடாது என்று நான் படித்த பாடநூலும் சொன்னது. காரணமாகக் காட்டியது, குழந்தையின் குரல்வளை புனல் வடிவம், கிரிகாய்டில்தான் மிகக் குறுகல், சாதா டியூபே அங்கே அடைத்துக்கொள்ளும் என்பது. இதற்கு ஆதாரம் 1951இல் எக்கன்ஹாஃப் என்பவர் எழுதிய கட்டுரை. அவர் மேற்கோள் காட்டியதோ 1897இல் பேயோ என்ற பிரெஞ்சு மருத்துவர், தொண்டை அடைப்பான் நோய்க்குக் குழாய் வைக்கும் காலத்தில், இறந்த குழந்தைகளின் குரல்வளையில் சாந்து ஊற்றி எடுத்த அச்சுகளை. சாந்து ஊற்றினால் மென்மையான இடம் விரியும், குருத்தெலும்பு வளையம் விரியாது. உயிருள்ள குழந்தைக்கு இது அப்படியே பொருந்தாமல் போகலாம் என்று எக்கன்ஹாஃபே எச்சரித்திருந்தார். அந்த வரியைத்தான் எல்லாரும் தாண்டிப் போனோம். 2003இல் எம்ஆர்ஐ படங்களிலும், 2009இல் உள்நோக்கிக் கருவியிலும் பார்த்தபோது புனல் இல்லை. மிகக் குறுகிய இடம் குரல் நாண்களை ஒட்டியே இருந்தது, வளையமும் சரிவட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தது. நாண்கள் விலகிக் கொடுக்கும், வளையம் கொடுக்காது. அதனால் காயம் படும் இடம் பழைய இடம்தான்.

அதே 2009இல் ஐரோப்பாவின் 24 மையங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 2,246 குழந்தைகளை வைஸ் என்பவரின் குழுவினர் இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். டியூப் எடுத்த பின் மூச்சுச் சத்தம் வந்தது கஃப் உள்ள பிரிவில் 4.4 விழுக்காடு, இல்லாத பிரிவில் 4.7. வித்தியாசமே இல்லை. ஆனால் அளவு சரியில்லை என்று டியூபை மாற்ற வேண்டி வந்தது கஃப் பிரிவில் 2.1 விழுக்காடு, மற்றதில் 30.8. மாற்றுவது என்றால் மறுபடியும் ஒருமுறை நாண்களைக் கடந்து போவது. இப்போது நான் கஃப் கட்சி. சத்தம் வந்ததாகச் சொன்ன அந்த 4.4, 4.7 என்ற எண்களைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 1977இல் அமெரிக்காவில் 7,875 பிள்ளைகளைப் பார்த்த கோக்கா குழு நூற்றில் ஒருவருக்கு என்றுதான் கண்டது. எந்த வயதை எண்ணுகிறோம், லேசான சத்தத்தையும் சேர்க்கிறோமா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

கஃப் நல்லதாக இருப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதற்குள் இருக்கும் அழுத்தம். 20 சென்டிமீட்டர் நீர் அளவில் நிறுத்தினால் சரி. பெரியவர்களில் பார்த்த ஆய்வில் 30ஐத் தாண்டினால் சவ்வில் ரத்தம் குறைகிறது, 50இல் நின்றே போகிறது. பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. விரல் ஏமாற்றும். அதோடு நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் அந்த வாயு கஃபுக்குள் ஊடுருவி, முதலில் 20இல் இருந்த அழுத்தம் ஒரு மணி நேரத்தில் யாரும் தொடாமலே ஏறிவிடும். ஆகவே தொடக்கத்தில் ஒருமுறை அளந்தால் போதாது.

டியூப் எடுத்த கணத்திலேயே வரக்கூடிய தொல்லை வேறு ஒன்று, குரல்வளை இறுக்கம். நாண்கள் இரண்டும் கதவடைத்ததைப் போல மூடிக்கொள்ளும், மார்பு ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. அது எங்கள் கையில், எங்கள் கண்முன்னால் நடப்பது. முகமூடியில் அழுத்தத்தோடு ஆக்சிஜன், மயக்கத்தை ஆழப்படுத்துவது, தேவைப்பட்டால் தசையைத் தளர்த்தும் ஊசி என்று நொடிகளில் செய்து முடிப்போம். வீக்கம் அப்படி இல்லை. அது மெதுவாக, பெரும்பாலும் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் தலைகாட்டி, நான்கு மணி நேரம்வரை ஏறி, ஒரு நாளில் வடியும். ஆகவே அதை முதலில் பார்ப்பது பல சமயம் நாங்கள் இல்லை, அம்மாதான்.

என்ன பார்க்க வேண்டும்? மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்றோ கரகரவென்றோ சத்தம். வீசிங் என்று நீங்கள் சொல்லும் இழுப்பு பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும், இது உள்ளிழுக்கும்போது. கூடவே குரைக்கும் இருமல், குரல் கம்மல். தொண்டைக்குழியும் விலா இடுக்கும் மூச்சுக்கு மூச்சு உள்வாங்கும். ‘பிள்ளை குறட்டை விட்டுத் தூங்குது’ என்று சொல்லிப் போர்வையை இழுத்து விடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். இன்னும் ஒன்று: சத்தம் குறைந்து, பிள்ளையும் சோர்ந்து போனால் அது தேறுவதன் அடையாளம் ஆகாது. போதிய காற்று போகாவிட்டாலும் சத்தம் குறையும்.

சிகிச்சை எளிமையானது, அதுவே இதில் ஆறுதல். அம்மாவின் மடியில் உட்கார வைத்து அழாமல் பார்த்துக்கொள்வது முதல் மருந்து. 32 மடங்கு கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் சேர்த்த ஆக்சிஜன், ஆவியாக உள்ளே போகும் அட்ரினலின், டெக்ஸாமெத்தசோன் ஊசி. அட்ரினலின் சில நிமிடங்களில் வேலை செய்யும், இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும், தீர்ந்ததும் வீக்கம் திரும்பலாம். டெக்ஸாமெத்தசோன் பிடிக்கச் சில மணி நேரமாகும். அதனால் ஆவி கொடுத்ததும் சத்தம் நின்றுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் கூடாது என்பதுதான் பதில். மைசூரில் காலையில் அறுவை முடிந்து, மாலைக்குள் பேருந்தில் இந்த ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடும் குடும்பங்களை எனக்குத் தெரியும். தூரம் பக்கம்தான். ஆனால் வீட்டில் ஆக்சிஜன் கிடையாது. மிகச் சிலருக்கு மறுபடியும் டியூப் வைக்க வேண்டிவரும், முன்னதைவிட அரை மில்லிமீட்டர் சிறியதாக. அதற்கு ஆள் இருக்கும் இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும்.

இதை ஒட்டி ஒரு வார்த்தை. இலவச முகாம்களில் ஒரே நாளில் வரிசையாகப் பிள்ளைகளுக்கு அறுவை செய்வதை நான் குறை சொல்லமாட்டேன், அவை இல்லையென்றால் பல குழந்தைகள் பிளந்த உதட்டோடே வளர்ந்திருக்கும். ஆனால் இரவு பார்த்துக்கொள்ள ஆளில்லாத முகாம் முகாமே இல்லை. எத்தனை பேருக்குச் செய்தோம் என்று பேனரில் போடுபவர்கள், இரவு யார் விழித்திருந்தார்கள் என்றும் போடட்டும்.

இப்போது சளி. இதற்காகத்தான் தாய்மார்களை அழைத்து வரச் சொன்னேன்.

அறுவைக்கு முதல் நாள் நாங்கள் கேட்போம்: “சளி, இருமல் இருக்காம்மா?” மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும் பிள்ளையை முந்தானையால் துடைத்தபடியே பதில் வரும்: “இல்ல டாக்டர், நேத்து ஐஸ்கிரீம் சாப்பிட்டான், அதான்.” பாட்டி குறுக்கே வருவார்: “அது பல்லு முளைக்கிற சளிங்க.” ஏன் மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பா மூன்று நாள் சம்பளத்தை விட்டு லீவு போட்டிருக்கிறார். ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நல்ல நாள் பார்த்தாயிற்று. தேதி தள்ளினால் மறுபடி எப்போது கிடைக்குமோ. இதெல்லாம் நியாயம். ஆனால் சளி பிடித்த சவ்வு ஏற்கெனவே சிவந்து வீங்கியிருக்கிறது, நாண்கள் சீண்டினால் மூடத் தயாராக இருக்கின்றன. 1984இல் ஸ்வீடனில் ஓல்சனும் ஹாலனும் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஒன்பது வயதுவரை உள்ள குழந்தைகளில் ஆயிரத்துக்கு 17 பேருக்குக் குரல்வளை இறுக்கம் வந்தது. மூச்சுப் பாதையில் தொற்று இருந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 96. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் 9,297 பிள்ளைகளைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வும், சளி அப்போது இருந்தாலோ கடந்த இரண்டு வாரத்தில் இருந்தாலோ மூச்சுத் தொல்லை கூடுகிறது என்றது.

சளி என்றால் உடனே தள்ளிவைப்பார்கள் என்றும் இல்லை. மூக்கு மட்டும் தெளிவாக ஒழுகி, காய்ச்சல் இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்தால் பல சமயம் செய்துவிடுவோம். குடலிறக்கம் மாதிரிச் சிறு அறுவைக்கு நாண்களைக் கடக்காத எல்எம்ஏ முகமூடி வைத்து முடிப்போம், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம். அண்ண அறுவைக்குத்தான் டியூபைத் தவிர்க்க முடியாது. அது இரண்டு, மூன்று வாரம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகாது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு வழி பல இருக்கிறது, மறைத்தால் ஒன்றுதான்.

வீட்டில் எல்லாரும் சொல்ல மறப்பது இன்னொன்று. குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, வென்டிலேட்டரில் சில நாள் இருந்த குழந்தைக்கு அந்த வளையத்துக்கு உள்ளே தழும்பு விழுந்து பாதை நிரந்தரமாகக் குறுகியிருக்கலாம். ஐந்து வயதில் ஓடியாடுவான், எதுவும் தெரியாது. சூத்திரப்படி டியூபை எடுத்தால் உள்ளே போகாது. டவுன் நிலையோடு பிறந்த பிள்ளைகளுக்கும் வயதுக்குரியதைவிடச் சிறிய டியூப்தான் பொருந்தும். அடிக்கடி ‘குரூப்’ இருமல் வந்து நெபுலைசர் பிடித்த பிள்ளையா, அதையும் சொல்லுங்கள்.

குரல் கம்மல் சில நாளில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் கம்மலாகவே இருந்தாலோ, ஓடினால் மூச்சில் சத்தம் கேட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பிளந்த அண்ணம், குரல், பேச்சு இவற்றையும் கவனிக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவ நண்பர்களுக்கு ஒரு கோரிக்கை. கஃப் அழுத்தம் அளக்கும் மீட்டர் ஒரு நல்ல கைபேசியைவிட மலிவு. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் ஒவ்வொரு தியேட்டரிலும் அது ஒன்று தொங்கட்டும், அலமாரியில் பூட்டி வைக்காமல்.

பெற்றோருக்கும் ஒன்று. டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைச் சரிபார்ப்பதற்கு முன், எந்த அளவு டியூப் வைத்தார்கள், எத்தனை முயற்சியில் போனது, எடுத்த பிறகு சத்தம் வந்ததா என்று சம்மரியில் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். அந்தத் தாளைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை மயக்கம் கொடுக்க வருபவரிடம் அவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.